முந்தானைக்குள் போன கைகள்

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் என் அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. மாத்திரைக்கும் வலி கேட்காததால், குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றார் சேலத்து டாக்டர். முதல் நாள் முடிந்து ஏற்காடு பஸ்ஸில் திரும்பும்போது, என் மடியிலிருந்த மகன் அம்மாவிடம் தாவினான். எஸ்டேட்டில் பூச்சி மருந்து அடித்தவர்கள் குளிக்காமல் பிள்ளையைத் தொட மாட்டார்கள். கதிர்வீச்சும் அப்படித்தான் அம்மா கையில் ஒட்டியிருக்கும் என்று பதறி, அவனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“உனக்குக் கை வலிக்கும்மா” என்று பொய் சொன்னேன். அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை வெளியே எடுக்கவேயில்லை.

அடுத்த முறை, மெஷினை இயக்கும் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“எக்ஸ்ரே எடுத்தா ஒடம்புல ஒட்டிக்குதுங்களா? இதுவும் அப்படித்தானுங்க. மெஷின் நின்னா அதோட சரி. கொழந்தையத் தாராளமாத் தூக்கலாமுங்க.”

ஓடிவந்து மகனை அம்மாவிடம் நீட்டி, அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன்.

“மொத நாளே நானும் கேட்டுட்டேன் கண்ணு. ஒட்டாதுன்னுதான் சொன்னாங்க” என்றாள் அம்மா. “உனக்கு நொம்பப் பயமா இருந்துச்சே, அதான் கையை உள்ள வெச்சுக்கிட்டேன்.”

அம்மாவுக்கு இப்போது வலி குறைந்திருக்கிறது. அந்தக் கைகளைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.