வாடைக் காலத்துப் பள்ளிக்கூடம்

அக்காவின் முதலாண்டுப் பூசை கண்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் தங்கையின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுது என்றார்கள். எழுத உட்கார்ந்தால் கடல்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. பாதி வாழ்நாளை அதைப் பார்த்துக்கொண்டே கழித்தவர் அக்கா.

பாம்பனில், வடகடலைப் பார்த்த ஓலை வீட்டில் பிறந்தார். இராமநாதபுரத்தில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து ஊர் திரும்பியபோது நாடு விடுதலை பெற்றிருந்தது. எங்கும் அதே பேச்சு. அக்காவுக்கோ எதிலும் ஒட்டுதல் இல்லை. குடிதண்ணீர் இல்லை, சாராயத்தால் குடும்பம் கெடுகிறது என்று யாராவது புலம்பினால், "அதுக்கு நாம என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு, ஈரத் தலையை விரித்து மணலில் உட்கார்ந்துவிடுவார். அலையைப் பார்த்தபடி என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. சோம்பேறி என்று நான் கேலி செய்தால் சிரிப்பார்.

எங்கள் ஊர் வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வடகடலில் தொழில் நடக்காது. குடும்பங்கள் சட்டி பானையோடு வள்ளம் ஏறி, திருப்புல்லாணிப் பக்கம் தென்கடல் கரையில் குடிசை போட்டுக்கொள்ளும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். காற்று மாறி ஊர் திரும்புவதற்குள் பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்திருப்பார்கள். மறுபடியும் ஒன்றாம் வகுப்பு, முதல் பாடம்.

பக்கத்து வீட்டு மரியாள் ஒரு நாள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். விரல் வைத்துக் கணீரென்று படித்தாள். அக்கா விளையாட்டாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். அவள் நிறுத்தவே இல்லை. யானைப் படத்துக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, முன்பக்கத்து ஆடு, இலைப் பாடத்தையே மனப்பாடமாகச் சொன்னாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்காவும் சிரித்தார்.

மரியாளின் முகம் சுண்டிப்போயிற்று.

"அந்தப் பக்கம் வாரதுக்குள்ள வாடை வந்துருதுக்கா. வருசா வருசம் இந்த ஆடுதான். யானைக்குக் கீழ என்னக்கா போட்டுருக்கு?"

அக்காவின் சிரிப்பு நின்றது. அன்று மாலை அவர் மணலில் போய் உட்காரவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த எங்கள் அய்யாவின் முன்னால் போய் நின்றார்.

"அய்யா, நான் டீச்சர் படிப்புக்குப் போறேன்."

"மாப்பிள்ள வீட்டுல வாரோம்னு சொல்லியிருக்காகளே, தாயி?"

"வரட்டும். மரியாள் அந்த யானைக்குப் போகணும். கொண்டுபோக ஆளில்ல."

அய்யாவுக்கு யானை விவகாரம் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் பயிற்சிப் பள்ளிக்கு அவரே கூட்டிப்போய் விட்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

படிப்பு முடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். வாடை தொடங்கியதும் பிள்ளைகளோடு தானும் தென்கரைக்குப் போக வேண்டும் என்றார். "பள்ளிக்கூடத்த வள்ளத்துல ஏத்த முடியுமாம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். "பிள்ளைகள ஏத்திட்டாக சார். நான் இங்கன பெஞ்சுக்கா பாடம் நடத்த?" என்றார் அக்கா. அனுமதி கிடைத்தது. நான் துணைக்குப் போனேன்.

அங்கே தாய்மார்கள் பிள்ளைகளைப் பாடத்துக்கு விடவில்லை. "காயுற மீனுக்குக் காக்கா வெரட்ட யாரு இருக்கா?" என்றார்கள். அக்கா வாதாடவில்லை. கருவாடு காயும் களத்துக்கே போய் அதன் நடுவில் உட்கார்ந்தார். காகம் இறங்கினால் வகுப்பே எழுந்து கூச்சல் போட்டு விரட்டும். பிறகு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து படிக்கும். சில நேரம் அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பார். பிள்ளைகளும் பார்ப்பார்கள். வெயிலும் உப்பு வாசனையுமாக எல்லாரும் எங்கோ மிதந்துகொண்டிருப்போம். காகங்களுக்கு அப்போது நல்ல வேட்டை.

அந்தக் களத்தில்தான் மரியாள் யானையைப் படித்தாள், எழுத்தைக் கூட்டிக் கூட்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வாடைக்கும் அக்கா வள்ளம் ஏறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக வருந்தியதை நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு காய்ச்சல் முற்றி, அக்கா இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட செவிலியருக்கு எங்கள் நன்றி. தென்கரைக்குக் கிளம்ப வேண்டிய நாளில் வள்ளங்களைக் கட்டிப்போட்டுவிட்டு அடக்கத்துக்கு நின்ற ஊராருக்கு நன்றி. மரியாளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே செபப் புத்தகத்தைத் திறந்தாள். அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"செபம் ஒனக்கு மனப்பாடம். பேப்பரப் படி."

அவள் மழைச் செய்தியைப் படிக்கத் தொடங்கினாள். ஒரு சொல்லில் தட்டி நின்று, சொல்லித் தருவார் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. மூச்சு இல்லை. நான் அலறிவிட்டேன். மரியாள் அந்தச் சொல்லைத் தானே கூட்டிச் சொன்னாள். கண்ணீர் வடிய வடிய, செய்தி முடியும்வரை படித்தாள்.

"பாதியில விட்டா டீச்சர் வைவாகக்கா" என்றாள்.