ஆறாத ஆசிடும் அமாவாசை பூஜையும்

முருகனை நம்பும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மாதம் எனக்கு அவன் மேலேயே கோபம். விருதுநகர் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவன் நான். ஒரு பேட்டரி கம்பெனியில் ஆசிட் கலக்குவது என் வேலை. தண்ணீரில் ஆசிடை ஊற்றிக் கலக்கி, அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, 1250 காட்டினால் பேட்டரியில் நிரப்பலாம். எட்டு வருஷமாகச் செய்கிற வேலை. திடீரென்று, அனுப்பிய பேட்டரியெல்லாம் ஆசிட் அதிகம் என்று திரும்பி வந்தன.

ஹைட்ரோமீட்டரை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். ஆசிட் கேனையும் மாற்றினேன். ஒரு மண்ணும் ஆகவில்லை. அடுத்து அனுப்பும் லாட்டும் திரும்பினால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மகளை அப்போதுதான் இங்கே பள்ளியில் சேர்த்திருந்தோம். மறுநாள் வேலைக்குப் பஸ்ஸில் வரும்போதே வேண்டினேன். வேண்டுதல் என்ன, சண்டைதான்.

"முருகா, தப்பு எங்கேன்னு காட்டு. இல்லேன்னா ஆளை விடு."

அன்று அமாவாசை. கலக்கிப் பார்த்தால் 1225தான் காட்டியது. இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றப் போனேன், பூஜைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முதலாளி பூசணிக்காய் உடைக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அவரோ அத்திப்பள்ளி டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரம். நான் கேட்ட உதவி இதுதானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் 1240. கூட வேலை செய்யும் மாதேஷ் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நாம ஒரு சொட்டு ஊத்தலியே. தானா ஏறியிருக்குது."

டிரம்மைத் தொட்டேன். காலையில் கை வைக்க முடியாத சூடு, இப்போது வெதுவெதுப்பு. அப்போதுதான் உறைத்தது. ஆசிடும் தண்ணீரும் கலந்தால் சூடேறும், சூட்டில் கரைசல் விரியும், அடர்த்தி குறைவாகத்தான் காட்டும். டிப்ளமோவில் நான் பரீட்சை எழுதிய விஷயம். முன்பெல்லாம் சாயங்காலம் கலக்கி, ஆறவிட்டு, மறுநாள் அளந்து நிரப்புவோம். ஆர்டர் கூடியதும் கலக்கிய கையோடு அளந்து நிரப்ப ஆரம்பித்தோம். குறைகிறது, குறைகிறது என்று நானே ஊற்றி ஊற்றிக் கெடுத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் நன்றாக ஆறியதும் சரியாக 1250. அந்த லாட் திரும்பவில்லை. வேலையும் போகவில்லை.

என் முன்கோபம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது வேண்டிக்கொண்டால், உடனே அவசரப்பட்டுக் கை வைப்பதில்லை. நீங்களும் அவனிடம் கேளுங்கள். திட்டியாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். நான் அவனைத் திட்டிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவன் எனக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.