உத்தரவாத விலையும் ஒரு வண்டில் வெங்காயமும்

அரசாங்கத்தின் பெயரால் விவசாயிக்கு வாக்குக் கொடுக்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வீட்டுக்கு வந்த பிறகும் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று. எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எனக்கு வாய்த்த வேலை அது. நடுகைக் காலத்திலேயே சின்ன வெங்காயத்துக்கு ஒரு விலை சொல்லிவிடுவோம். அறுவடையில் சந்தை விலை அதற்குக் கீழே போனால் நாங்கள் அந்த விலைக்கு வாங்கவேண்டும். மேலே போனால் அவர் விரும்பிய இடத்தில் விற்கலாம். இப்படி ஏதாவது திட்டத்தை விளக்கி வாய் உலர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

வரம்பில் நின்று விளக்கியது

இணுவிலில் பொன்னுத்துரை அண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கூட விலை கிடைத்தால் எங்களுக்குத் தரத் தேவையில்லை என்றதும் மனிதரின் முகம் மாறிவிட்டது.

"உதென்ன கதை தம்பி? ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கிற வாக்கும் ஒரு வாக்கோ?"

ஆனாலும் திட்டத்தில் பெயரைப் பதிந்துகொண்டார்.

விலை ஏறிய போகம்

அந்த முறை சந்தையில் நல்ல விலை. ஒருவரும் எங்களிடம் வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். பொன்னுத்துரை அண்ணை மாட்டு வண்டில் நிறைய வெங்காயத்தோடு, கந்தோர் என்று நாங்கள் சொல்லும் அலுவலகத்தின் வாசலில் வந்து நின்றார். சந்தைக்குக் கொண்டுபோங்கோ என்று மன்றாடினேன், கோபித்தும் பார்த்தேன். நட்டத்துக்கு விற்பேன் என்று அடம்பிடிக்கிறவரை என்ன செய்வது? இறக்கிவிட்டுத்தான் போனார்.

"நடேக்கை வாக்குக் குடுத்தனான். ஊர்ச் சனம் பார்த்திருக்க அதை மாத்தச் சொல்லுறியளோ?"

லொறி வராத கிழமை

அடுத்த போகம் எல்லாம் தலைகீழ். சண்டையால் தெற்கே போகும் கண்டி வீதியைப் பூட்டிவிட்டார்கள், கொழும்பு லொறி ஒன்றும் இல்லை, விலை விழுந்துவிட்டது. திட்டம் கைகொடுக்க வேண்டிய நேரமே அதுதான். ஆனால் எங்கள் களஞ்சியம் நிரம்பிவிட, மேலதிகாரி இனி வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் அதே வண்டில். தோட்டத்துக்கே வந்து கேட்ட தரகரை, எங்களை நம்பித் திருப்பி அனுப்பியிருந்தார் அண்ணை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் அவருடைய முழுப் போகமும் அழுகிப்போகும். இடமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை.

"போன முறை என்ரை வாக்கை நான் காப்பாத்தினனான். இது உங்கடை முறை, தம்பி."

கந்தோர் வளை

முதல் துளி விழுந்தது. எங்கள் பக்கத்தில் வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டி வீட்டுக் கூரை மரமான வளையில் தொங்கத் தூக்கிக் காயவிடுவார்கள். எங்கள் கந்தோருக்கும் ஓட்டுக் கூரைதான், வளை இருந்தது. அவசரமாகத் தராசில் நிறுத்து, பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமலில்லை. பிறகு நானும் அண்ணையும் காவலாளியும் மேசைகளில் ஏறித் தூக்கத் தொடங்கினோம். கடைசிப் பிடியைத் தூக்கும்போது மழை கொட்டியது. அதோடு மேலதிகாரியின் ஜீப்பும் வந்தது.

உள்ளே கால் வைத்தவரின் நெற்றியில் ஒரு பிடி வெங்காயம் மோதியது. "ஐசே, இது கந்தோரோ குசினியோ?" என்று, அடுக்களைக்குள் நுழைந்துவிட்டவர் போலக் கத்தினார். அண்ணைதான் மேசையில் நின்றபடி பதில் சொன்னார்.

"உது இப்ப அரசாங்கத்தின்ரை வெங்காயம் ஐயா. பாத்து, தலையைக் குனிஞ்சு வாங்கோ."

அந்தத் திட்டம் கனகாலம் நிலைக்கவில்லை. ஆனால் வெங்காயம் காய்ந்து முடியும்வரை, மேலதிகாரி உட்பட எல்லோரும் என் மேசைக்குக் குனிந்துதான் வந்தார்கள்.