வெர்னா ஷ்ராக் கேட்டு வாங்கிய ஊதாச் சட்டைகள்

வெர்னா ஷ்ராக் எங்கள் ஸ்டோன் ஃபோர்க் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தது 1979 ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை. கான்சஸ் கோதுமைப் பண்ணையில் பிறந்தவர்; அப்போது வயது முப்பத்தொன்று, உயரம் ஐந்தடி இரண்டங்குலம். முதல் ஆண்டு 7 வெற்றி, 18 தோல்வி. இரண்டாம் ஆண்டு 11, 15. மூன்றாம் ஆண்டு 13, 13. வேன் ஓட்டுவதும் சீருடை துவைப்பதும் அவரே. அதற்கெல்லாம் கல்லூரி ஆள் வைத்ததில்லை.

நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் கல்லூரித் தலைவரிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. இம்முறை மாவட்டப் போட்டிக்குத் தகுதி பெறாவிட்டால் வேறு பயிற்சியாளர். வெர்னா படித்தார், மடித்தார். "போவோம்" என்றார்.

எல்லாம் கடைசி லீக் ஆட்டத்தில் வந்து நின்றது. 1983 பிப்ரவரி 19, சனிக்கிழமை, லேட்டிமர் கல்லூரி அரங்கம், 112 மைல். வென்றால் தகுதி, தோற்றால் வெர்னாவுக்கு வேலை இல்லை. ஆட்டக் குறிப்பேடு எழுத நானும் போயிருந்தேன். ஆட்டத்துக்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போது எங்கள் அணித்தலைவி ரோண்டா யோடர் சீருடைப் பையைத் திறந்தாள்.

"கோச், எல்லாம் வெள்ளை!"

வெள்ளை சொந்த அரங்கத்து அணிக்கு உரியது. வெளியூர் அணி அடர்நிறம் அணிய வேண்டும். துவைத்த சீருடைகள் இருந்த இரண்டு பைகளில் தவறானதை வெர்னா ஏற்றி வந்துவிட்டார்.

லேட்டிமரின் பயிற்சியாளர் டெல்பர்ட் கூன்ஸுக்கு அறுபது வயது. விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா வெர்னா, பத்துப் பொண்ணுக்கும் இன்னைக்கே சர்ச்சுல கல்யாணமா?"

"மாப்பிள்ளைய நீங்க பாருங்க டெல்பர்ட். இப்போ சட்டை குடுங்க."

"பயிற்சிச் சட்டைதான் இருக்கு. பச்சை துவைச்சது. ஊதா நேத்து போட்டது, நாறும்."

"ஊதாவே குடுங்க."

"நெஜமாவா?"

"ஊதா."

ரோண்டா முகர்ந்து பார்த்தாள். "கோச், இதுக்குள்ள எலி செத்துக் கெடக்கு!"

"மூக்காலயா பந்து போடப் போற? மாட்டிக்கடி."

பத்துப் பேருக்கும் புதிய எண்களைக் குறிப்பேட்டில் பதினோரு நிமிடத்தில் எழுதி முடித்தேன். ஓர் எண் பிசகினாலும், யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் ஃப்ரீ த்ரோ எதிரணிக்குப் போகும். பிசகவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் லேட்டிமர் பெண் ஒருத்தி ஏறிட்டுப் பார்க்காமலே பக்கவாட்டில் பந்தை வீசினாள். அது நேராக ரோண்டாவின் கைக்கு வந்தது. ரோண்டாவே திகைத்துப்போனாள்.

"நிக்காத, ஓடு!" என்று வெர்னா கத்தினார்.

ஏழாவது நிமிடத்தில் மறுபடியும் அதேபோல் நடந்தது. கூன்ஸ் எழுந்துவிட்டார். "கண்ணு அவிஞ்சு போச்சா? அவளுக்கு ஏன் போடுற?"

"கோச், தெனமும் ஊதாவுக்குத்தானே போடுறோம்!" என்றாள் பந்தை வீசியவள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லேட்டிமரின் முதல் ஐவர் பயிற்சியில் நாள்தோறும் அணிவது ஊதா; பச்சை மாற்று ஆட்டக்காரர்களுக்கு. வெர்னா நவம்பரில் அவர்கள் பயிற்சியை மேல்வரிசையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தவர்.

முதல் பாதியில் அப்படி ஐந்து பந்துகள் கிடைத்தன. அவற்றால் எங்களுக்கு எட்டுப் புள்ளி. இடைவேளைக்குப் பின் அவர்கள் சுதாரித்து விரட்டி வந்தார்கள். பதினான்கு நொடி மீதம் இருந்தபோது 59-58. எங்களுக்கு ஒரே புள்ளிதான் முன்னிலை. வெர்னா பெண்களை அருகே அழைத்தார்.

"பந்து ரோண்டா கையில இருக்கட்டும். கடிகாரத்த நிறுத்த அவங்க ஃபவுல் பண்ணுவாங்க. இவ போடுவா. அவ்வளவுதான்."

செய்தார்கள். ரோண்டா இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள். 61-58.

கூன்ஸ் கை குலுக்க வந்தார். "பச்சைய எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அப்பவும் ஜெயிச்சிருப்போம். என் தொண்டை இன்னும் கொஞ்சம் கட்டியிருக்கும்."

திங்கள் காலை தலைவர் வெர்னாவை அழைத்து, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டார்.

"அஞ்சு."

"மூணுதான் தர முடியும்."

"சரி, மூணு போடுங்க. அதுக்கப்புறம் நீங்களே கூப்பிடுவீங்க."

கூப்பிட்டார்கள், ஒவ்வொரு முறையும். 2006 மார்ச்சில் வெர்னா தாமாகவே விலகியபோது இருபத்தேழு ஆண்டுகள், 498 வெற்றி, 263 தோல்வி.