பாலேஸ்வரியின் பத்து

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்து முடித்துக் கதிரவேலு வீட்டுக்கு வந்தபோது, பாலேஸ்வரி குசினி நிலத்தில் சுருண்டு கிடந்தாள். அடுப்பில் கறி கொதித்து வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் மனைவி பகலில் படுத்ததை அவர் கண்டதே இல்லை. காய்ச்சலோடும் தோட்டத்தில் நின்று புல்லுப் பிடுங்குகிற மனுசி அவள்.

வாய்வாக்கும் என்று சொல்லிக்கொண்டு எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பித்தப்பை நிறையக் கல் இருக்கிறது, பழுதாகவும் தொடங்கிவிட்டது, உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர் நிருஷன். எவ்வளவு காலமாக நோகிறது என்று கேட்டார். போன வருடம் தொடக்கம் இடைக்கிடை வரும், போகும் என்று பாலேஸ்வரி சொன்னாள். கதிரவேலு அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு வருடமும் ஒரே வீட்டில், ஒரே தோட்டத்தில்தான் இருவரும் நின்றார்கள். அவள் ஒருநாள்கூட முகத்தைச் சுளித்ததாக அவருக்கு நினைவில்லை.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. விடுதியில் பாலேஸ்வரியைப் பார்த்துக்கொண்ட தாதி பெர்னடெட், குருநகர்க்காரி. மீன் சந்தைக்கும் கேட்கிற குரல். காய்ச்சலும் இரத்தப் பிறசரும் பார்க்க வருகிற போதெல்லாம் கட்டிலருகில் நின்று ஒரு கேள்வி கேட்பாள்.

"அம்மா, சைபர் எண்டால் நோவே இல்லை. பத்து எண்டால் உங்கடை சீவியத்திலை வந்த ஆகப் பெரிய நோ. இப்ப எத்தினை?"

முதல்தரம் கேட்டபோது கதிரவேலு முந்திக்கொண்டார். அவவுக்கு அப்பிடிப் பெரிசாய் ஒன்றுமில்லை, இரண்டென்று போடுங்கோ என்றார்.

பெர்னடெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, நோ உங்களுக்கோ, அவவுக்கோ?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பாலேஸ்வரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். பிறகு, நாலு என்றாள்.

மறுநாளும் நாலு என்றுதான் சொன்னாள். எதிர்க்கட்டிலில் குடல்வால் வெட்டிய பெட்டை ஒன்பது, ஒன்பது என்று அழுது ஊசி வாங்கிக்கொண்டிருந்தாள். நாலு என்பது கதிரவேலுவுக்கு நிம்மதியாக இருந்தது. வவுனியாவில் படிப்பிக்கிற மகள் ஆரணிக்குப் போன் எடுத்து, அம்மா நல்லாயிருக்கிறா, லீவு போட்டு அந்தரப்பட்டு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

பின்னேரம் வந்த பெர்னடெட், நாலு என்ற பதிலைக் கேட்டும் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. பாலேஸ்வரியின் நாடி வேகமாக அடித்தது. உதடு காய்ந்திருந்தது. வயிறு காலையில் இருந்ததைவிட ஊதியிருந்தது. நாலு என்று சொல்கிறவர்கள் எழும்பி இருப்பார்கள், தேத்தண்ணி கேட்பார்கள். இவள் தலையைத் திருப்புவதற்கே யோசித்தாள்.

பெர்னடெட் கட்டில் ஓரத்தில் இருந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "அம்மா, பத்து எண்டு நீங்கள் எதை நினைச்சுக்கொண்டு சொல்லுறியள்? மகள் பிறந்ததையோ?"

பாலேஸ்வரி கணவனை ஒருதரம் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"இல்லைப் பிள்ளை. அது ரண்டாவது."

இரண்டாவது பிள்ளையைப் பற்றிக் கதிரவேலுவுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் அந்தக் கணம் வரைக்கும் நினைத்திருந்தார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது பாலேஸ்வரி பிள்ளைத்தாய்ச்சி. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் சனத்தோடு சனமாக ஒதுங்கினார்கள். மனைவியையும் சின்னப்பிள்ளையாக இருந்த ஆரணியையும் அங்கே விட்டுவிட்டு, குந்தியிருக்க ஒரு துண்டுக் காணி கிடைக்குமா என்று பார்க்க அவர் கிளாலிக் கடல் கடந்து கிளிநொச்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது, பிள்ளை செத்துப் பிறந்தது, அடக்கமும் செய்தாயிற்று என்றார்கள். எனக்கு ஒன்றுமில்லை, சுகமாக முடிந்தது என்று பாலேஸ்வரியே சொன்னாள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் இப்போது பெர்னடெட்டுக்குச் சொன்னது வேறு கதை. பிள்ளை வந்துவிட்டது, நச்சுக்கொடி வரவில்லை. இரத்தம் நிற்காமல் போனது. பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையை மறைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர், அவரும் இடம்பெயர்ந்து வந்தவர், ஒளிக்காமல் சொன்னார். மயக்க மருந்து முடிந்துவிட்டது, நோவுக்குப் போட ஊசியும் இல்லை, இப்படியே விட்டால் உயிர் போய்விடும். பிள்ளைகள் இருந்து படிக்கிற இரண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டு அவளைக் கிடத்தினார்கள். முன்பின் தெரியாத பெண்கள் காலையும் தோளையும் அமத்திப் பிடித்தார்கள். டாக்டர் கையை உள்ளே விட்டுக் கொடியைத் துண்டு துண்டாக எடுத்தார். பிறகு கிழிந்த இடத்தைத் தைத்தார். எல்லாம் முழு நினைவோடு.

"கத்தேல்லையோ அம்மா?" என்று பெர்னடெட் கேட்டாள்.

"ஆரணி கதவடியிலை நிண்டவள். கத்தினால் பயந்திடுவாள் எண்டு சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான். அதுதான் பிள்ளை பத்து. அதோடை பாக்க, இது நாலுதான்."

கதிரவேலு கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பெர்னடெட் எழும்பி விறுவிறென்று போனதும், டாக்டருக்குப் போன் எடுத்து, இந்த அம்மாவின் நாலை நாலாக எடுக்க வேண்டாம், உடனே வந்து பாருங்கோ என்று சொன்னதும் அவருக்கு எங்கேயோ தூரத்தில் நடப்பது போல இருந்தது.

டாக்டர் நிருஷன் வந்து வயிற்றை அமத்திப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்கான் எடுத்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து பித்தநீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கியிருந்தது. சிலருக்கு இப்படி வருவதுண்டு, ஆனால் விடியும்வரை விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார். மறுபடியும் ஒப்பரேசன் தியேட்டருக்கு ஆயத்தப்படுத்தினார்கள்.

அவளைத் தள்ளிக்கொண்டு போகுமுன் கொஞ்ச நேரம் இருவரும் தனியே இருந்தார்கள். கதிரவேலு அவள் பக்கம் குனிந்தார்.

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

பாலேஸ்வரியின் பதிலில் கோபம் இருக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"வந்த உடனை என்ரை மடியிலை முகத்தை வைச்சு அழுதனீங்கள். ஆம்பிளைப் பிள்ளை செத்துப்போட்டுது எண்டு அழுதனீங்கள். அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல?"

அவளைத் தள்ளிக்கொண்டு போய்த் தியேட்டர்க் கதவைச் சாத்தினார்கள். கதிரவேலு வெளியே வாங்கில் இருந்தார். அந்த மடி. தையல் போட்டுக் காயாத உடம்பின் மேல்தான் தன் தலைப்பாரம் முழுவதையும் போட்டு அவர் அழுதிருக்கிறார். அவள் முதுகைத் தடவிவிட்டாள். அடுத்தநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் வரிசைக்குப் போனாள், மெல்ல நடக்கிறாளே என்று அவர் ஏசியும் இருக்கிறார். ஏசியதுகூட ஞாபகம் வந்தது. பிறகு வந்த வருடங்களில் சொந்தக்காரர் மத்தியில், என்ரை மனுசிக்கு ஒரு நோ நொடி கிடையாது என்று எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருப்பார். யாரோ தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். ஆறி ஆடை படரும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பாலேஸ்வரி பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் ஒரு குழாயோடு கொஞ்சநாள் கிடந்தாள். பெர்னடெட் இப்போது இலக்கத்தைக் கேட்பதோடு விடாமல், இருமச் சொல்லியும் திரும்பிப் படுக்கச் சொல்லியும் முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஆரணி ஓடி வந்தாள். தகப்பன் அவளை வெளியே கூட்டிப்போய் விசயத்தைச் சொன்னபோது, கதவடியில் நின்றது தனக்கு ஞாபகமில்லை என்றாள். சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள்.

மகளுக்குச் சொன்னதற்காகப் பாலேஸ்வரி அவரோடு சண்டை பிடித்தாள். அந்தப் பிள்ளைக்கு ஏன் இதை இப்ப, என்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் கதிரவேலுவுக்கு மனம் அமரவில்லை. அவள் குனிந்தால் பார்த்தார், நிமிர்ந்தால் பார்த்தார். ஒருநாள் அவள் கிணற்றுத் துலாவடியிலிருந்து வாளியைத் தூக்கியபோது ஓடிப்போய்ப் பறித்தார்.

"என்னை உப்பிடிப் பாத்துக்கொண்டு திரியாதேங்கோ," என்றாள் பாலேஸ்வரி. "எனக்கு ஒரு நோவும் இல்லை."

கதிரவேலு வாளியோடு நின்றார். அந்தச் சொல்லை அவர் எத்தனையோ வருடங்களாக நம்பி வந்தவர். இனி என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.