ஏலம் போன ஓட்ட மெஷின்

நேசபாய் முதன்முதலாக ஓடிய காலையில், அவள் பின்னாலேயே பாதித் தெருவும் ஓடியது. திருவட்டாறு பக்கத்துச் சிற்றூரில், ஐம்பதைத் தாண்டிய பெண் நைட்டிமேல் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினால் எங்கோ சாவு விழுந்திருக்கிறது என்றுதானே நினைப்பார்கள். பாசனச் சானல் பாலத்தில் அவள் திரும்பி நின்றாள்.

"எதுக்கு எனக்க பொறத்தால வாறிய?"

"செத்தது யாருட்டீ?"

"ஒருத்தரும் சாவல்ல. நான் சுகருக்கு ஓடுதேன்."

அன்று பின்னால் ஓடிய அத்தனை பேருக்கும் முழங்கால் பிடித்து, கடைகளில் தைலமே தீர்ந்துபோனது.

டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருந்தார். சானல்கரை இறக்கத்தில் கால்கள் தாமாகவே ஓடின, ருசி பிடித்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாள்முதல் ரப்பர் பால் எடுக்க ஓடினாள், மாட்டுக்குப் புல்லறுக்க ஓடினாள், மகன் ஜெரிஷுக்குப் பஸ் பிடிக்க ஓடினாள். அப்போதெல்லாம் ஒருவரும் சிரிக்கவில்லை. தனக்காக ஓடியதுதான் ஊருக்கு வேடிக்கையாகிவிட்டது.

அவள் கணவர் ரசலையன் சர்ச் சபைக் கமிட்டியில் இருப்பவர். ஒலிம்பிக்குக்கு அவளை எப்போது கப்பல் ஏற்றுகிறீர் என்று சாயாக்கடையில் கேட்டார்கள். அவர் அந்தச் சூட்டோடு மஸ்கட்டில் இருந்த மகனுக்குப் போன் போட்டார். அடுத்த வாரமே டெம்போவில் டிரெட்மில் வந்து இறங்கியது. ஜெனரேட்டராக்கும் என்று அயல்வீட்டார் மகிழ்ந்துபோனார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அது. கரண்டு விருந்தாளிபோல வந்து முகம் காட்டிவிட்டுப் போகும்.

நேசபாய் நேர்மையாகத்தான் ஓடிப்பார்த்தாள். முழங்காலுக்கு மெத்தைபோல் இருந்ததை அவளும் ஒத்துக்கொண்டாள். மழை நனைக்காது. நாய் துரத்தாது. ஆனால் நாய் துரத்தாத ஓட்டத்தில் என்ன வேகம் வரும்? சானல்கரையில் மேடு தொடையைப் பிடிக்கும், இறக்கம் முதுகில் கைவைத்துத் தள்ளும், குளிக்கிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இங்கே மதுரை தூரம் ஓடினாலும் முன்னால் தொங்குவது அதே பைபிள் வசனக் காலண்டர்.

ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் கரண்டு போனது. பெல்ட் நின்றது, நேசபாய் நிற்கவில்லை. கைப்பிடியைத் தாண்டிப் போய்க் காலண்டரில் முகம் பதித்தாள். அன்றைய வசனம் ஒரு வாரம் நெற்றியில் இருந்ததாக அவளே சொல்வாள்.

மறுநாள் துவர்த்தை எடுத்தாள். ரசலையன் வாசலை மறித்தார்.

"ஏட்டி, பய வாங்கித் தந்த சாதனம் வீட்டுல இருக்கச்சில ரோட்டுல ஓடுவியானா, ஊரு எனக்க மொகத்துல சிரிக்கும். ஓடணுமெண்ணா உள்ள கெடந்து ஓடு."

சாதனம் வீட்டில் இருப்பதுதானே வம்பு? நேசபாய் துவர்த்தைக் கொடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, கோழி என்று ஆளாளுக்குப் படைப்பதை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கோழிகளுக்கு நடுவே டெம்போவில் வந்து இறங்கியது நேசபாய் படைத்த டிரெட்மில். கமிட்டி வேலையாக முன்பே வந்திருந்த ரசலையன் அப்போதுதான் அதைப் பார்த்தார். ஆண்டவருக்குப் படைத்ததைத் திரும்பக் கேட்கக் கமிட்டிக்காரருக்கு வாய் வருமா?

ஏலம் கூறிய செல்வதாஸ் தொண்டை கிழியக் கத்தியும் ஆள் வரவில்லை. கடைசியில் ராஜமணி, ரப்பர் ஷீட் காயப்போட அந்தக் கம்பி கொள்ளாம், தோதாக இருக்கும் என்று ஒரு சக்கைப்பழத்தின் விலைக்குக் கேட்டான்.

ஒரு குடும்பத்தின் படைப்பு அடிமாட்டு விலைக்குப் போனால் அந்தக் குடும்பத்துக்கே இழுக்கு. வீட்டுக்காரரே ஏலத்தில் மீட்பதுதான் வழக்கம். ரசலையன் கையைத் தூக்கினார். ரோஷத்தில் தன் கேள்விக்கு மேலே தானே இரண்டுமுறை ஏற்றிக் கேட்டார். செல்வதாஸ் அதையும் ஆண்டவர் நாமத்தில் ஏற்றுக்கொண்டான்.

மெஷின் பழைய இடத்துக்கே வந்தது.

"இனி உள்ளதானே ஓடுவ?" என்றார் ரசலையன், வியர்வையைத் துடைத்தபடி.

"மகன் எனக்குத் தந்தான், நான் ஆண்டவருக்குக் குடுத்தேன். சபைக்கு முன்னால கை பொக்கி எடுத்தது நீங்களாக்கும். இனி அது ஒங்களுக்க சாதனம். நீங்க ஓடுங்க."

ரசலையன் காலண்டரைப் பார்த்தார். பிறகு வியர்வை துடைத்த துவர்த்தை மெஷின் கைப்பிடியில் காயப்போட்டார்.

மறுநாள் காலை நேசபாய் சானல்கரைக்கு நேராகப் போகவில்லை. சுற்றுவழியில், சாயாக்கடை முன்னால்தான் ஓடினாள். பெஞ்சில் எல்லோரும் வாயைத் திறக்கத் தயாரானார்கள். அதற்குள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரசலையன் நீட்டியிருந்த காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்.