மூன்று இறக்கைகளிலும் உபயம்

மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த மாடி போர்ஷனுக்கு ஹவுஸ் ஓனர் மூன்று நிபந்தனைகள் வைத்திருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நினைத்த நேரத்துக்கு மோட்டார் போடக் கூடாது. மூன்றாவதை நாங்கள் குடிவந்தபோது அவர் சொல்லவில்லை. நோய் முற்றிப்போய், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் என் அக்காவை அனுப்பிவைத்தபோதுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. அந்த வீட்டில் சாகக் கூடாது.

அவர் அப்படிப் பச்சையாகச் சொல்லிவிடுகிற ஆள் இல்லை. ஆவடி தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், காலனி நலச் சங்கத்தின் தலைவர், நாலு பேர் மதிக்கிற மனிதர். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மாடி ஏறி வந்து, கட்டிலில் கிடந்த அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"மாடிப்படி ரொம்பக் குறுகல்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எப்படி இறக்குவீங்க? அதான் எனக்குக் கவலை."

"நான் இப்பவே நடந்து இறங்கிடறேன் சார்," என்றாள் அக்கா. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அக்கா கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போய், குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எடுக்க வேண்டிய லீவையெல்லாம் எடுத்து முடித்திருந்தேன். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் ஓனர் சொன்ன யோசனைக்குத் தலையாட்டினேன்.

சென்னீர்குப்பம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. குணமாகாது என்று கைவிடப்பட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். ஓனரே மதரிடம் பேசினார், ஓனரே கார் அனுப்பினார். "நம்ம ஃபேனுக்குக் கீழேயே பெட்டு சொல்லியிருக்கேன்," என்று கார் கதவைச் சாத்தும்போது பெருமையாகச் சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஃபேனின் மூன்று இறக்கைகளிலும் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தது. ஒன்றில் இனிஷியலோடு அவர் பெயர். ஒன்றில் 'சங்கத் தலைவர்'. ஒன்றில் 'உபயம்'. கட்டிலில் படுத்துப் பார்த்தால் 'சங்கத் தலைவர் உபயம்' என்றுதான் முதலில் கண்ணில் படும். யாரோ ஒரு புண்ணியவான் தலைவரையே இல்லத்துக்குத் தானம் கொடுத்துவிட்டதாக அக்கா அர்த்தம் செய்துகொண்டாள்.

சிஸ்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொன்னான கைகள் அவர்களுக்கு. அக்காவின் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. மூச்சு திணறும்போது மாத்திரைக்குப் பாதி கேட்கும், முகத்துக்கு நேராக வரும் காற்றுக்கு மீதி கேட்கும் என்று நர்ஸ் சிஸ்டர் எனக்கு விளக்கினார். ஃபேன் ஓடினால் அக்கா தூங்குவாள். நின்றால் வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, காற்றைத் தேடுவாள். அவளுக்கு இனி வேண்டியது அவ்வளவுதான், காற்று.

வருகிறவர்களிடமெல்லாம் சிஸ்டர் ஒரே விஷயத்தைக் கேட்பார். "சாமான் போதுங்க. பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார யாராச்சும் வாங்க." எல்லோரும் உருக்கமாகத் தலையாட்டுவார்கள். அடுத்த முறை இன்னும் பெரிய ஆப்பிளாக வாங்கி வருவார்கள். கஞ்சியே இறங்காத தொண்டைகளுக்கு நடுவே ஆப்பிள் மலைபோல் குவிந்து கிடந்தது.

பிறந்தநாள்காரர்கள் தனி ரகம். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவது அப்போது எங்கள் பக்கத்தில் பரவியிருந்த வழக்கம். உபயதாரர் வரும்வரை தட்டு வைக்க மாட்டார்கள். அவர் வந்து, கேக் வெட்டி, படம் எடுத்து முடிக்கும்வரை சோறு ஆறும். பிறகு, சாகக் கிடக்கிறவர்கள் எல்லோரும் கைதட்டிக் குழந்தையை நூறாண்டு வாழ்க என்று வாழ்த்த வேண்டும். இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை.

எங்கள் ஓனர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு உறவினரை அழைத்துவருவார். கட்டில் அருகே வந்ததும் அண்ணாந்து பார்ப்பார். ஓடுகிற ஃபேனில் பெயர் எப்படித் தெரியும்? "அந்த சுவிட்சை ஒரு நிமிஷம் நிறுத்தும்மா," என்பார் என்னிடம். முதல் தடவை என்ன ஏது என்று புரியாமல் நிறுத்தித் தொலைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து நான் நகரவில்லை, அவரே போய் நிறுத்தினார். இறக்கைகள் மெதுவாகச் சுற்றி நிற்கும். உறவினர் எழுத்துக் கூட்டிப் படித்து, "பரவாயில்லையே," என்பார். கீழே அக்கா வாயைத் திறந்து காற்றைத் தேடுவாள். அவர் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வரும். மறுபடி மேனாம்பேட்டில் அவர் வீட்டு மாடிக்குத்தானே போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் தன் சம்பந்தியைக் கூட்டிவந்து ஃபேனை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை, அவள் தலைமாட்டில் கிடந்த காலி ஸ்வீட் பாக்ஸின் அட்டை மூடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அவங்க நிதானமாப் படிக்கட்டும் சார். அதுவரைக்கும் நீங்க வீசுங்க."

சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. சங்கத் தலைவர் குனிந்து நின்று வீசினார். நெற்றியின் இரண்டு பக்கமும் வேர்த்து ஊற்ற வீசினார். சம்பந்தி படித்து முடித்த பிறகும் அக்கா, "இன்னும் கொஞ்சம் சார்," என்றாள். பக்கத்துக் கட்டிலில் பூக்காரம்மா போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்றவள், அவளுக்கும் அதே வியாதிதான், கொஞ்சம் பின்தங்கி வந்துகொண்டிருந்தது.

அதோடு மனிதருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். வந்தது, அவர் பாணியில். "கரண்ட் போனா இவங்களுக்குக் கஷ்டம்தான். விசிறி வாங்கிக் குடுத்துடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரு கட்டு பனையோலை விசிறி வந்தது, ஓரத்தில் சிவப்புத் துணி தைத்தது. போர்டு எழுதுகிறவரை வைத்து ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் பெயர் எழுதியிருந்தார். ரிப்பன் கட்டி, ஆபீஸ் அறை பீரோவில் வைத்தார்கள். வழங்கும் விழாவுக்கு நகராட்சி சேர்மன் தேதி கொடுக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு ரெண்டு மட்டும் இப்ப எடுத்துக்கட்டுமா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"விழாவுக்கு முன்னாடி கட்டைப் பிரிச்சா நல்லா இருக்காது சிஸ்டர்."

அடுத்து ஜெனரேட்டர் தருவதாக அவர் ஆசை காட்டியிருந்தார். அதனால் சிஸ்டரும் பீரோவைத் திறக்கவில்லை.

மே மாதம், மத்தியான நேரத்தில் கரண்ட் போனது. எனக்கு ஆபீஸுக்கு போன் வந்து, இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைத் துடைத்து, கையைச் சேர்த்துவைத்திருந்தார்கள். சிஸ்டர்கள் அந்த நேரத்தில் வேறொருத்தியின் ரத்த வாந்தியோடு போராடிக்கொண்டிருந்தார்களாம். பூக்காரம்மா அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளால் எழுந்து உட்காரவே முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மடியில் அந்த ஸ்வீட் பாக்ஸ் மூடி இருந்தது.

"நான்தாம்மா வீசிகினு இருந்தேன்," என்றாள். "கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்துது. சிரிச்ச மாரி இருந்துது. அது பூட்ச்சின்னு தெரிஞ்சும் கொஞ்ச நேரம் வீசிகினே கீறேன். நிறுத்த மனசு வரல."

நான் அழுதேன். அந்தக் கை வீசிய காற்றைத்தான் அக்கா கடைசியாக சுவாசித்தாள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாமேம்மா, வீண் அலைச்சல்," என்றார் ஓனர். இல்லத்திலிருந்தே கல்லறைக்குப் போனோம். சங்கத்தின் சார்பில் பெரிய மாலை வந்தது. மாலையின் குறுக்கே சங்கத்தின் பெயர் எழுதிய ரிப்பன் ஓடியது.

அதற்கப்புறம்தான் சேர்மனுக்குத் தேதி கிடைத்தது. இறந்தவரின் குடும்பம் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, சேர்மன் கையால் முதல் விசிறியை எனக்குத் தரச்செய்தார்கள். கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். ஓனர் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். நான் விசிறியோடு எழுந்து வார்டுக்குள் போனேன்.

பூக்காரம்மா வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் நின்றிருந்தது, கரண்ட் இருந்தும். படம் எடுப்பதற்காக நிறுத்தியவர்கள் மறுபடி போட மறந்திருந்தார்கள். போய் சுவிட்சைப் போட்டேன். அது வேகமெடுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. விசிறியைக் கண்ணால் துரத்திக்கொண்டே, "இன்னா எழுதிகீது அதுல?" என்றாள்.

"உங்க பேருதான்."

"பொய் சொல்ற," என்றாள் பூக்காரம்மா. "சரி, வீசு."